சைக்கிள்லயும் கம்ப்யூட்டர்லயும் சில்லறை இம்சை, வீட்டுலயே சரி பண்ண வழி இருக்குங்களா?

ஊத்துக்குளி_தம்பி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊத்துக்குளிக்குப் பக்கத்துல ஒரு சின்ன பனியன் யூனிட்ல பில் போடறது, வாரச் சம்பளக் கணக்கு பாக்கறது இதுதான் என் வேலை. தோட்டத்துச் சாளையில இருந்து கம்பெனி எட்டு கிலோமீட்டர், தெனமும் சைக்கிள்தானுங்க, அப்பா ஓட்டிட்டிருந்த 28 இஞ்சு வண்டி, கேபிள் இல்லாம கம்பில இழுக்கற பிரேக்கு. வண்டியும் ஓடுது, கம்பெனி கம்ப்யூட்டரும் பழசுன்னாலும் வேலை நடக்குது, பெரிய ரிப்பேர்னு ஒண்ணுமில்ல. ஆனா இந்த சில்லறை இம்சை இருக்குது பாருங்க, அது தெனமும் பத்து நிமிசத்தைத் தின்னுபோடுது, கடைக்குக் கொண்டு போனா இதெல்லாம் ஒரு கம்ப்ளைண்டாங்கறாங்க, அதனாலதான் இங்க கேக்கறேன்.

மொதல்ல சைக்கிள். மிதிக்கறப்ப சுத்துக்கு ஒரு தடவை "டக்"குனு ஒரு சத்தம், எடது கால் கீழ எறங்கறப்ப. பெடலுக்கு எண்ணெய் விட்டேன், செயின் கவரை நிமித்தி வெச்சேன், போவல. காலைல ரோட்டுல ஆளே இருக்காது, அந்த டக்கு மட்டும் எட்டு கிலோமீட்டரும் கூடவே வருது.

ரெண்டாவது பின்சக்கரம். மூணு நாளைக்கு ஒருக்கா காத்து எறங்கிருது. பஞ்சர் கடைல ரெண்டு தடவை டியூபை உருவி தண்ணில முக்கிப் பாத்தாச்சு, ஒரு குமிழி வரல. காத்தடிச்சா மறுபடி மூணு நாளு.

கம்ப்யூட்டர்ல, காலைல ஆன் பண்ணுனா தேதி 2009 ஜனவரி 1னு நிக்குது. மாத்தி வெச்சா சாயங்காலம் வரைக்கும் சரியா இருக்கும், மறுநா காலைல மறுபடி 2009. மாத்த மறந்துட்டா பேங்க் சைட்டு தொறக்காது, இணைப்பு பாதுகாப்பா இல்லைன்னு செவப்பா வரும். போன வாரம் அவசரத்துல பாக்காம டெலிவரி சலான் 14 அடிச்சுப்போட்டேன், எல்லாத்துலயும் 2009. லாரி வாசல்ல நிக்குது, நான் திரும்ப அடிச்சுட்டிருக்கேன்.

அப்பறம் அந்த கம்ப்யூட்டர் ஃபேன். எங்க யூனிட்ல பஞ்சு தூசி எப்பவும் பறந்துட்டே இருக்கும், ரெண்டு மாசத்துல கேபினட் உள்ள மெத்தை மாதிரி படிஞ்சிருது, ஃபேன் கத்த ஆரம்பிச்சிருது. முன்னாடி ஓட்டைல பனியன் வேஸ்ட் துணியக் கட்டி விட்டேன், இப்ப சத்தம் இன்னும் எச்சாயிருச்சுங்க.

நானும் சும்மா கேக்கலைங்க, எனக்குத் தெரிஞ்சதையும் சொல்றேன், யாருக்காச்சும் ஆகும். மட்கார்டு கம்பி லொட லொடன்னு ஆடுனா நட்டுக்கடியில பழைய டியூப்ல ஒரு சின்ன வில்லை வெட்டிப் போட்டு முறுக்கிருங்க, சத்தமே வராது. ஆடிக்காத்துல நிப்பாட்டி வெச்ச வண்டி உருண்டு உழுகுதுன்னா டியூப்ல ஒரு வளையம் வெட்டி பிரேக் பிடியையும் ஹேண்டில் பிடியையும் சேத்து மாட்டுங்க, ஹேண்ட் பிரேக் போட்ட மாதிரி நிக்கும், நான் நாலு வருசமா இப்படித்தான். கேபினட்டைத் தொட்டா சுர்ருன்னு ஒரு ஷாக் மாதிரி அடிச்சுட்டிருந்துச்சு, அதுக்கு ஒரு பழைய டயரை வெட்டி மேசைக்கடியில விரிச்சு அதுமேல காலை வெச்சுக்கறேன், இப்ப ஒண்ணும் தெரியறதில்ல. இந்த மாதிரி உங்ககிட்ட இருக்கறதையும் சொல்லுங்க.


லேத்பட்டறை_பீளமேடு:

தம்பி, சுத்துக்கு ஒரு டக்குன்னா நூத்துக்குத் தொண்ணூறு அது காட்டர் பின்னுதான், பெடல் மாட்டியிருக்கற கிராங்கை நடு அச்சோட பூட்டற ஆப்பு மாதிரி பின்னு. மொதல்ல சீட்டுல இருந்து எந்திரிச்சு நின்னு மிதிச்சுப் பாருங்க, அப்பவும் வந்தா சீட்டு இல்லைன்னு ஆயிருச்சு. அப்பறம் வண்டிய நிப்பாட்டி ரெண்டு கிராங்கும் பூமிக்கு மட்டமா வர்ற மாதிரி வெச்சு ரெண்டு பெடலையும் ரெண்டு கையால ஒண்ணா அமுத்துங்க, பொறவு அரைச்சுத்து திருப்பி மறுபடி அமுத்துங்க. எந்தக் கிராங்கு லேசா வழுக்கி "டக்"குன்னு எறங்குதோ அந்தப் பக்கம் பின்னு தேஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

இதுக்கு எல்லாரும் பண்ற கைவைத்தியம் ஒண்ணு இருக்குது, கூல்ட்ரிங்ஸ் டின்னை வெட்டி ஒரு துண்டை பின்னோட சப்பைப் பக்கம் வெச்சு அடிச்சு ஏத்திருவாங்க. வீடு போய்ச் சேர அது நல்ல வழி, நானே செஞ்சிருக்கேன். ஆனா அதையே வெச்சு ஓட்டிட்டிருந்தா டின்னு நசுங்கி மறுபடி ஆட்டம் விழும், அந்த ஆட்டத்துல பின்னு மட்டும் தேயாது, அச்சும் சேந்து தேயும், அச்சு போச்சுன்னா அது உக்காந்திருக்கற பாட்டம் பிராக்கெட்டையே கழட்டோணும். பழைய பின்னைக் கையில கொண்டு போய் அதே கனத்துக்கு வாங்குங்க, ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் உக்காராது. ரெண்டு பக்கமும் சேத்து மாத்திருங்க.

மாத்தறப்ப தொண்ணூறு பேர் கெடுக்கற எடம் இதுதான், அதனால கொஞ்சம் நெறைய எழுதறேன். நட்டை மரை நுனி வரைக்கும் லூஸ் பண்ணி வெச்சுட்டு அதுமேல மரக்கட்டைய வெச்சு அடிச்சா மரை கெடாம பின்னு எறங்கும். அடிக்கறதுக்கு முன்னாடி கிராங்குக்கு அடியில ஒரு இரும்புப் பைப்பை நட்டுக்குத்தலா நிறுத்தி முட்டுக் குடுங்க, பின்னு பைப்பு ஓட்டைக்குள்ள எறங்கற மாதிரி. முட்டு இல்லாம அடிச்சா அந்த அடி பூராவும் உள்ள இருக்கற பேரிங் பால்ஸ்மேலயும் கப்புமேலயும் போவுது, குழி விழுந்துரும், டக்கு போய் கரகரப்பு வந்துரும். புதுப் பின்னு போடறப்ப ஒரு பக்கம் மேல இருந்து கீழ போனா, கிராங்கு அதே நெலையில இருக்கறப்பவே இன்னொரு பக்கம் கீழ இருந்து மேல போவோணும். ரெண்டையும் ஒரே பக்கமா போட்டா ரெண்டு கிராங்கும் நேர்கோட்டுல வராது, மிதிக்கறப்ப நொண்டற மாதிரியே இருக்கும், அதுக்கு என்ன காரணம்னு தெரியாம வருசக்கணக்கா ஓட்டறவங்க இருக்காங்க. பின்னை சுத்தியால அடிச்சுத்தான் ஏத்தோணும், நட்டை முறுக்கி இழுக்கக் கூடாது, நட்டு சும்மா காவலுக்குத்தான். ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டுனதுக்கு அப்பறம் மறுபடி ஒரு தட்டு தட்டி நட்டை இறுக்கிருங்க.

பெடல் கழட்டறீங்கன்னா எடது பெடலுக்கு மரை தலைகீழு, அதை ஞாபகம் வெச்சுக்குங்க.


காங்கயம்_இட்டேரி:

காத்து எறங்கறதுக்கு நான் வர்றேன். டியூபைத் தண்ணில முக்குனாங்க சரி, வால்வையும் சேத்து முக்குனாங்களா? நம்ம பழைய வண்டில இருக்கற வால்வுக்குள்ள பித்தளைத் தண்டு, அது மேல ஒரு சின்ன ரப்பர் கொழாய் மாட்டியிருக்கும், வால் டியூப்னு கேட்டா எந்த சைக்கிள் கடைலயும் குடுப்பாங்க. காத்து உள்ள போறப்ப அந்த ரப்பர் விரிஞ்சு வழி விடும், அடிச்சு முடிச்சா ஓட்டைய மூடிக்கும், காத்தைக் காவல் காக்கறதே அதுதான். வெயில்ல நிக்க நிக்க அது மொடமொடன்னு ஆயி மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விட்டுரும். பஞ்சர் மாதிரி அரை மணி நேரத்துல எறங்காது, ரெண்டு மூணு நாள் எடுத்துக்கும், நீங்க சொல்றது அப்படியே அதுதான்.

சோதிச்சுப் பாக்க டியூபைக் கழட்டவே வேண்டாம். சக்கரத்தைச் சுத்தி வால்வு மேல வந்து கீழ்நோக்கிப் பாக்கற மாதிரி நிறுத்துங்க, ஒரு டம்ளர்ல தண்ணி புடிச்சு வால்வு அதுக்குள்ள முழுகற மாதிரி கீழ இருந்து புடிங்க, ஒரு நிமிசம் பொறுமையா பாருங்க. ஒத்தக் குமிழி மெதுவா கெளம்புனாலும் கதை முடிஞ்சுது. புது வால் டியூப் மாட்டறப்ப எண்ணெய் கிண்ணெய் தொடாதீங்க, ரப்பர் ஊறி இத்துரும், எச்சி தொட்டு ஏத்துனா போதும். நான் சீட்டுக்கடியில இருக்கற பைல எப்பவும் ஒரு சாண் நீளம் வெச்சிருப்பேன், அது எடமும் புடிக்காது, காசும் பெருசா இல்ல.

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். எங்க பக்கம் கொறங்காடு, அதான் மேய்ச்சல் காடு, எச்சு, சுத்தியும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ள வெள்வேல மரம், வேலிய வெட்டி விட்ட மாசம் இட்டேரில, அதான் ரெண்டு வேலிக்கு நடுவுல போற தடத்துல, சைக்கிள் ஓட்டுனா சக்கரம் முள்ளுப்பந்து மாதிரி ஆயிரும், போதாக்கொறைக்கு நெருஞ்சி. அதுக்கு நான் பண்றது, பழைய டியூபை வால்வு இருக்கற எடத்தை வெட்டி எறிஞ்சுட்டு, உள்வட்டத்துல நீளவாக்குல கீறி விரிச்சு, அதை டயருக்கும் நல்ல டியூபுக்கும் நடுவுல பட்டையா விட்டுருவேன். வண்டி கொஞ்சம் கனமாத்தான் மிதிக்கும், அது உண்மை. ஆனா நெருஞ்சி முள்ளு அதைத் தாண்டி வர்றதில்ல. வெள்வேல முள்ளு நீளம், அது வந்தா வந்ததுதான். பட்டையோட ரெண்டு முனையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறற எடத்தை சீவி மெலுசாக்கிருங்க, இல்லைன்னா அந்த விளிம்பே டியூபை அறுத்துப்போடும், எனக்கு அப்படி ஒரு நல்ல டியூப் போச்சு.

பஞ்சர் ஒட்டுனதுக்கு அப்பறம் டயர் உள்பக்கத்தை விரலால தடவிப் பாக்காம மாட்டாதீங்க, ஒரு துணிய விட்டுத் தடவுனா இன்னும் நல்லது, முள்ளு இருந்தா நூல் மாட்டும்.


டிடிபி_அக்கா_ஈரோடு:

தம்பி அந்த 2009 எனக்கு நல்லாத் தெரியும், எங்க கடைல 2002னு வரும். மதர்போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும் பாருங்க, மேல சிஆர்2032னு எழுதியிருக்கும், 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அந்தப் பேருலயே அளவு இருக்குது. கரண்டு இல்லாத நேரத்துல கடிகாரத்தை ஓட்டறது அதுதான். தீந்து போச்சுன்னா கம்ப்யூட்டர் அந்த போர்டுக்குன்னு போட்டு வெச்ச பழைய தேதிக்குப் போயிரும். பேங்க் சைட்டு தொறக்காததுக்கும் அதுதான் காரணம், ஒவ்வொரு சைட்டுக்கும் இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு ஒரு சான்றிதழ் இருக்கும், உங்க கம்ப்யூட்டர் 2009ல நின்னுட்டு பாக்கறப்ப அந்தச் சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்ல, அதான் நம்ப மாட்டேங்குது.

சாயங்காலம் கெளம்பறப்ப செவுத்து சுவிட்சையே ஆஃப் பண்ணிட்டுப் போவீங்கன்னு நெனைக்கறேன். பிளக்குல கரண்டு இருக்கற வரைக்கும் கடிகாரம் அதுல இருந்தே ஓடிக்கும், செவுத்துல அணைச்சாத்தான் பேட்டரில கை வெக்கும், அதனால தெனமும் அணைக்கறவங்களுக்கு சீக்கிரம் தீரும். அதுக்காக அணைக்காம விடாதீங்க, பேட்டரி மாத்தறது அதை விட லேசு. பிளக்கைப் புடுங்கிட்டு, பவர் பட்டனை ஒரு அஞ்சாறு செகண்டு அமுக்கிப் புடிச்சு மிச்சம் இருக்கறதை எறக்கிட்டு, ஓரத்துல இருக்கற கிளிப்பை நகத்தால தள்ளுனா பேட்டரி எம்பி வெளிய வரும். எழுத்து இருக்கற பக்கம் மேல பாக்கோணும். ஆன் பண்ணுன ஒடனே டெலீட்டோ எஃப்2வோ அமுக்கி செட்டிங் பக்கத்துக்குள்ள போய் தேதி வெச்சிருங்க.

பழைய பேட்டரிய மேசை மேல போட்டு வெக்காதீங்க தம்பி, ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி தனியா எடுத்து வைங்க. கொழந்தைக முழுங்குனா தொண்டைலயே நின்னு கொஞ்ச நேரத்துல உள்ள வெந்து புண்ணாயிரும், உசுருக்கே ஆபத்து. பனியன் யூனிட்ல அம்மாக்காரிக கூட கொழந்தைக வந்து வெளையாடும்ல, அதுக்குத்தான் சொல்றேன்.

நீங்க கேட்ட மாதிரி என்கிட்ட இருக்கறதையும் சொல்றேன். நான் தமிழ்99ல அடிக்கறவ. 1999ல வந்த விசைப்பலகை, உயிரெழுத்து எடது கைல, மெய்யெழுத்து முக்காவாசி வலது கைல, அதுல புள்ளி எஃப் பட்டன்ல இருக்குது. க்க, ப்ப மாதிரி ஒரே எழுத்து ரெண்டு தடவை வந்தாலும், ங்க, ந்த மாதிரி சேந்து வந்தாலும் புள்ளி தானா வந்துரும்னாலும் மிச்ச எல்லாத்துக்கும் எஃப்தான், தமிழ்ல புள்ளி இல்லாம ஒரு வரி எழுத முடியுமா? கல்யாணப் பத்திரிகை சீசன்ல ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை அமுக்கறோம்னு தெரியாது, ஒரு வருசத்துல எஃப்புக்கு அடியில இருக்கற ரப்பர் குமிழு கிழிஞ்சு பட்டன் எந்திரிக்காமயே கெடக்கும். புது கீபோர்டு வாங்கறதுக்கு முன்னாடி பின்னாடி ஸ்க்ரூவைக் கழட்டிப் பாருங்க. சிலதுல குமிழு தனித்தனியா இருக்கும், சிலதுல ஒரே ஷீட்டா இருக்கும். ஸ்க்ரோல் லாக் பட்டனை நான் என் வாழ்நாள்ல அமுக்குனதில்ல, அதுக்கடியில இருக்கற குமிழு புதுசு மாதிரியே இருக்கும், அதை எடுத்து எஃப்புக்கு மாத்திட்டேன், ஷீட்டா இருந்தா கத்திரியால அந்தக் குமிழை மட்டும் சுத்தி வெட்டி எடம் மாத்தலாம். அடுத்த வருசம் பாஸ் (Pause) பட்டன்ல இருந்து எடுத்தேன். அந்தக் கீபோர்டு இன்னும் ஓடுது.

ஃபேனுக்கு பனியன் துணி வேண்டாம், பின்னல் துணி நெருக்கம், அதுல தூசி உக்காந்தா காத்தே போவாது, காத்து போவாததாலதான் ஃபேன் இன்னும் வேகமா சுத்தி கத்துது. இன்னைக்கே கழட்டிருங்க.


வயர்மேன்_பல்லடம்:

மத்த எல்லாத்தையும் அடுத்த வாரம் பண்ணிக்கலாம் கண்ணு, அந்த டயர் வெட்டி விரிச்சு வெச்சிருக்கறேன்னு சொன்னீங்களே, அதை மட்டும் இன்னைக்கே பாருங்க. அது இம்சை இல்ல, அது ஒரு தகவல். உங்க கேபினட் உங்ககிட்ட "எனக்கு எர்த் இல்ல"ன்னு சொல்லிட்டிருந்துச்சு, நீங்க காதைப் பொத்திட்டீங்க.

எப்படின்னா, கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள்ள இரைச்சலை வடிகட்டறதுக்காக, கரண்டு வர்ற பேஸ் ஒயர்ல இருந்து ஒண்ணும் நியூட்ரல்ல இருந்து ஒண்ணும் சின்னக் கண்டென்சர் பாடிக்குப் போட்டிருப்பாங்க. எர்த் இருந்தா அதுல கசியறது பூமிக்கு எறங்கிரும், உங்களுக்குத் தெரியாது. எர்த் இல்லைன்னா பாடி நடுவாந்தரமா, 230ல பாதி வோல்ட்டுல மெதந்துட்டு நிக்கும். கரண்டு நெம்பக் கம்மி, அதனால சுர்ருங்கறதோட போவுது. ஆனா நாளைக்கே உள்ள ஒரு ஒயர் உருகி பேஸ் நேரா பாடில பட்டா, எர்த் இருந்தா பியூஸோ, தானா விழற எம்சிபி சுவிட்சோ போயிரும், எர்த் இல்லைன்னா ஒண்ணும் போவாது, முழு 230ம் அந்தத் தகரத்துல காத்துட்டிருக்கும். டயர் மேல கால் வெச்ச உங்களுக்கு ஒருவேளை ஒண்ணும் ஆகாம இருக்கலாம், ஈரக்கையோட டீ டம்ளர் வெக்க வர்ற அம்மாவுக்கு?

அதை விட முக்கியம், உங்க யூனிட்ல அயர்ன் டேபிள் அதே லைன்ல இருக்குதான்னு பாருங்க. கம்ப்யூட்டர் சாக்கெட்டுல எர்த் இல்லைன்னா அயர்ன் பாக்ஸுக்கு மட்டும் இருக்கும்னு நான் நம்ப மாட்டேன். அது தண்ணியும் ஆவியும் பொழங்கற எடம்.

பாக்க வேண்டிய வரிசை சொல்றேன். மூணு பின் பிளக்கை ரெண்டு பின் சாக்கெட்டுல சொருக கன்வெர்ட்டர் போட்டிருக்கீங்களா? போட்டிருந்தா அங்கயே எர்த் அறுந்துச்சு, தூக்கி எறிஞ்சுருங்க. அடுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸு, சிலதுல பெரிய ஓட்டை இருக்கும், உள்ள ஒயரே இருக்காது. அடுத்து செவுத்து சாக்கெட்டு. இதை நீங்க தொறக்காதீங்க, லைசென்ஸ் இருக்கற வயர்மேனைக் கூப்புடுங்க, அவரு சீரிஸ் பல்பை, அதான் ரெண்டு ஒயர் நீட்டுன சோதனை பல்பை, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல வெச்சுப் பாப்பாரு, நியூட்ரலுக்கு எரியற மாதிரியே பளிச்சுன்னு எரியோணும், மங்கலா எரிஞ்சா எர்த் குழி காஞ்சு கெடக்குதுன்னு அர்த்தம். கரண்டு பூமிக்குக் கசிஞ்சா தானா அணைச்சிர்ற ஆர்சிசிபி சுவிட்சு போட்ட எடம்னா பல்பை வெச்ச ஒடனே அது விழுந்துரும், விழுந்தா எர்த் இருக்குதுன்னுதான் அர்த்தம், மங்கலா எரியுதான்னு அப்ப அதுல பாக்க முடியாது, மீட்டர் வெச்சுத்தான் அளக்கோணும். நம்ம பக்கம் பங்குனி சித்திரைல மண்ணு எப்படிக் காயும்னு சொல்ல வேண்டியதில்ல, கரியும் உப்பும் போட்ட குழின்னாலும் கோடைல வாரம் ரெண்டு கொடம் தண்ணி ஊத்தோணும், அதை யாரும் செய்யறதில்ல. யாராச்சும் எர்த்தையும் நியூட்ரலையும் சேத்து முறுக்கி விட்டுரலாம்னு சொன்னா அந்த ஆளை வேலைக்கு வெக்காதீங்க, நியூட்ரல் எங்கயாச்சும் அறுந்தா எல்லாத் தகரத்துலயும் பேஸ் வந்துரும்.

பாத்துட்டு இங்க வந்து எழுதுங்க, எனக்கு இது மனசுல கெடக்கும்.


பொள்ளாச்சி_காத்து:

வயர்மேன் அண்ணா சொன்னதுக்கு மேல ஒண்ணுமில்ல. ஃபேன் தூசிக்கு மட்டும் நான் பண்றதைச் சொல்றேன். பிளக்கைப் புடுங்கிட்டு கேபினட்டை வாசல்ல கொண்டு வந்து வெச்சு சைக்கிள் பம்பால அடிங்க. வாயால ஊதுனா எச்சி ஈரம் போவும், பெரிய புளோயர்ல அடிச்சா ஃபேன் கண்ட வேகத்துல சுத்தி பேரிங் போயிரும், சைக்கிள் பம்பு அளவான காத்து. அடிக்கறப்ப ஃபேன் றெக்கைய ஒரு பென்சிலால தடுத்துப் புடிச்சுக்குங்க. ஒட்டிட்டிருக்கற பஞ்சுக்கு பெயிண்டு பிரஸ்ஸு.

வடிகட்டறதுக்கு கொசுவலை போதும், பஞ்சு நூல் அதுலயே நின்னுரும், காத்தும் போவும். ஒட்டறதுக்கு பழைய ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் வாங்கிட்டு வாங்க, பழைய இரும்புக் கடைல கெடைக்கும், அதை அறுத்தா உள்ள நீளமா ஒரு காந்தப்பட்டை வரும், வலைய ஓட்டை மேல வெச்சு நாலு பக்கமும் அந்தப் பட்டைய வெச்சா தகரத்துல ஒட்டிக்கும், வாரத்துக்கு ஒருக்கா எடுத்து ஒதறிட்டு மாட்டலாம். முன்பக்கம் பிளாஸ்டிக்னா ஒட்டாது, அங்க டியூப் வளையத்தை வெச்சு இழுத்துக் கட்டிருங்க.

செயினுக்கு என்ன விடறீங்கன்னு சொல்லலியே? எங்க பக்கம் தேங்காயெண்ணெய் கையில இருக்கறதால நான் அதைத்தான் விடறேன், நல்லாத்தான் ஓடுது.


லேத்பட்டறை_பீளமேடு:

காந்தப்பட்டை பனியன் கம்பெனிக்கு நல்லா இருக்கும், எங்க மாதிரி பட்டறைல வேண்டாம், கடைசல் தூள் பறக்கற எடத்துல காந்தத்தை வெச்சா இரும்புத்தூளை நாமளே கூப்பிட்டு கம்ப்யூட்டர் வாசல்ல உக்கார வெச்ச மாதிரி. நான் வெல்க்ரோ ஒட்டியிருக்கேன்.

தேங்காயெண்ணெய் செயினுக்கு ஆகாதுங்க பொள்ளாச்சி. விட்ட அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும், நாலு நாள்ல பிசுபிசுன்னு ஆயி மண்ணை இழுத்துக்கும், மார்கழி காலைல ஒறைஞ்சும் போவும், அந்த மண்ணும் எண்ணெயும் சேந்து அரைக்கற பசை மாதிரி லிங்க்கை அரைக்கும். வேஸ்ட் இஞ்சின் ஆயிலும் வேண்டாம், அதுல இஞ்சின் தேஞ்ச தூள் இருக்குது, பேண்டுல பட்டா போவாது. தம்பி பனியன் யூனிட்ல இருக்கறாரு, தையல் மெஷின் எண்ணெய் அங்க இல்லாம இருக்காது, அதுல லிங்க்குக்கு ஒரு சொட்டு, பத்து நிமிசம் விட்டு வெளிப்பக்கத்தை வேஸ்ட் துணியால நல்லாத் தொடைச்சிரோணும். எண்ணெய் உள்ள இருக்கற பின்னுக்குத்தான், வெளிய இருக்கறது மண்ணு புடிக்கத்தான் ஆகும். மெலுசு எண்ணெய், சீக்கிரம் போயிரும், வாரம் ஒருக்கா விடோணும், மழைல நனைஞ்சா அன்னைக்கே.

செயின் தேஞ்சிருச்சான்னு பாக்க ஸ்கேல் போதும். ஒரு பின்னு நடுவுல இருந்து அடுத்த பின்னு நடு வரைக்கும் அரை இஞ்சு, அப்ப 24 லிங்க்குக்கு சரியா 12 இஞ்சு வரோணும். ஒரு நூலுக்கு மேல, அதாவது எட்டுல ஒரு இஞ்சு நீண்டிருந்தா செயினை மாத்திருங்க, விட்டா பல்சக்கரமும் போவும்.


ஊத்துக்குளி_தம்பி:

பத்து நாளா வர முடியலைங்க, மன்னிச்சுக்குங்க. எல்லாரும் இவ்வளவு எழுதியிருக்கீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

வயர்மேன் அண்ணா, நீங்க எழுதுன அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. மறுநா காலைல முதலாளிகிட்ட போன்ல உங்க பதிவை அப்படியே படிச்சுக் காட்டுனேன், அவரு பன்னெண்டு மணிக்குள்ள ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாரு. நீங்க சொன்ன மாதிரியேதான். கம்ப்யூட்டருக்கு நான்தான் போன வருசம் கன்வெர்ட்டர் போட்டிருந்தேன், அது போவ செவுத்து சாக்கெட்டுல எர்த் ஒயர் மாட்டவே இல்ல, பெட்டிக்குள்ள மொட்டையா சுருட்டி உட்டிருந்தாங்க. அயர்ன் டேபிள் பக்கம் மூணு சாக்கெட்டுல ரெண்டுல அதே கதை. அங்க நாலு அக்காங்க நிக்கறாங்க, வருசக்கணக்கா அயர்ன் பாக்ஸ் லேசா புடிக்குதுன்னு சொல்லிட்டுத்தான் இருந்திருக்காங்க, நாங்க யாரும் காதுல வாங்கல. அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள எல்லா எர்த்தும் மாட்டி, ஆர்சிசிபி ஒண்ணும் போட்டாச்சு. குழிக்குத் தண்ணி ஊத்தறது இப்ப என் வேலை, சனிக்கிழமை சம்பளம் போட்டதும் ரெண்டு கொடம். டயரை எடுத்துட்டேன், கேபினட்டைத் தொட்டா ஒண்ணுமே இல்ல.

அக்கா, பேட்டரி மாத்தியாச்சு, மீட்டர்ல பழசு 2.1 வோல்ட்தான் காட்டுச்சு, இப்ப தேதி நிக்குது. பழசுல டேப் ஒட்டி மேல் அட்டாழில வெச்சிருக்கேன். உங்க ஸ்க்ரோல் லாக் விசயத்தைப் பாத்துட்டு எங்க கீபோர்டுல அமுங்காம கெடந்த எண்டர் பட்டனையும் பாக்கலாம்னு தொறந்தேன், அதுக்கு குமிழு பெருசு, வேற எதுலயும் இல்ல, அது மட்டும் நடக்கல.

வால் டியூப் சரியாப் போச்சு. டம்ளர்ல புடிச்சேன், அரை நிமிசத்துக்கு ஒரு குமிழி, சின்னதா. மாத்தி எட்டு நாளாச்சு, காத்து அப்படியே நிக்குது. காட்டர் பின்னு ரெண்டும் மாத்துனேன், எடது பின்னு பாதி தேஞ்சிருந்துச்சு, பைப்பு முட்டுக் குடுத்துத்தான் அடிச்சேன், பத்து கிலோமீட்டர்ல மறுபடி தட்டிட்டேன். நேத்து காலைல போறப்ப மயில் அகவறது கேட்டுச்சு, வேற சத்தமே இல்லைங்க.

கொசுவலை நாளைக்கு. பம்பு அடிச்சதுல வந்த பஞ்சுல ஒரு தலகாணி தெக்கலாம், அவ்வளவு.


வெள்ளகோயில்_பையன்:

அண்ணா எல்லாத்தையும் படிச்சேன். எனக்கு சைடு ஸ்டாண்டு வண்டி, ஸ்கூல்ல நிப்பாட்டுனா காத்துக்கு உருண்டு விழுந்துருது, ரெண்டு தடவை பெல்லு ஒடைஞ்சிருச்சு. நீங்க சொன்ன பிரேக் வளையம் எவ்வளவு அகலம் வெட்டோணும்? நான் சைக்கிள் டியூப்ல வெட்டுனேன், பிடிய சுத்தி மாட்டவே முடியல.


ஊத்துக்குளி_தம்பி:

சைக்கிள் டியூப் இறுக்கமா இருக்கும் கண்ணு, சின்னக் கைக்கு வராது. பஞ்சர் கடைல மொபட் டியூப் பழசு கேளு, சும்மாவே குடுப்பாங்க, அதுல ஒரு வெரக்கடை அகலத்துக்கு குறுக்கால ஒரே வெட்டா வெட்டு, ஓரம் பிசிறா இருந்தா அங்க இருந்தே கிழியும். மொதல்ல வளையத்தை ஹேண்டில் பிடில மாட்டிட்டு, பிரேக்கை நல்லா புடிச்சுக்கிட்டே பிடி நுனி மேல இழுத்து விடு. முன்சக்கரம் போதும், முன்னாடி பூட்டுனா வண்டி உருளாது. ஓட்டறப்ப வளையத்தைப் பிடியோட உள்பக்கமா தள்ளி வெச்சுக்க, பிரேக்குல சிக்கக் கூடாது. வெயில்ல ஆறு மாசத்துல இத்துரும், அதனால வெட்டறப்பவே ரெண்டா வெட்டி ஒண்ணை சீட்டுக் கம்பில போட்டு வெச்சுக்க.